சாமியைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். எழுபது வயதைக் கடந்த அவருடைய தந்தை, தாம் இறந்த பின் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று விரும்புகிறார். தந்தையின் அக்கா, அதாவது இளைஞரின் அத்தை, அதை ஒரே மூச்சில் மறுத்துவிட்டார்: கண்ணை எடுத்துவிட்டு எரித்தால் அடுத்த பிறவியில் குருடாகத்தான் பிறப்பான், சாமி குத்தம் வந்து சேரும். ‘சாமியை இதற்குள் இழுக்காதீர்கள்’ என்று இவர் சொல்லியிருக்கிறார். பேச்சு முற்றி, இப்போது இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது. ஒழுக்கம், சமூகம் பற்றிய வாதங்களில் மத நம்பிக்கையை ஆதாரமாகக் காட்டுவது முறைதானா, அல்லது அதை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, உங்கள் அத்தை சொன்னதும் தவறு, நீங்கள் சொன்னதும் தவறு என்பது என் கருத்து. ஆனால் இரண்டும் ஒரே வகைத் தவறல்ல. அத்தை தம் நம்பிக்கையைத் தீர்ப்பாகவே சொல்லிவிட்டார். நீங்களோ அதைச் சாட்சியமாகக்கூட ஏற்க மறுத்தீர்கள். பாளையங்கோட்டையில் 38 ஆண்டுகள் வழக்காடிய பழக்கத்தில் எனக்கு இது இப்படித்தான் படுகிறது: நம்பிக்கை சாட்சிக் கூண்டில் ஏறலாம், ஏறிய பிறகு மற்றச் சாட்சிகளைப் போலவே குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும், நீதிபதியின் நாற்காலியில் போய் உட்காரக் கூடாது. முதல் விசாரணையில் வேண்டியதைச் சொல்லிவிட்டுக் குறுக்கு விசாரணை நாளன்று ஊரைவிட்டே போய்விடும் சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அதை வைத்து யாரும் தீர்ப்பெழுத முடியாது.

வாதத்தின் முடிவு யாரைக் கட்டுப்படுத்தப் போகிறது என்பதை அதற்கும் முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் நான் கவிச்சி தொடுவதில்லை. அதற்கு நான் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் மாடியில் குடியிருப்பவரும் அந்த நாட்களில் மீன் வாங்கக் கூடாது என்று நான் சொன்னால், அப்போது காரணம் சொல்லக் கடமைப்பட்டவனாகிறேன். அதுவும் அவருக்கு விளங்கக்கூடிய காரணமாக இருக்க வேண்டும். ஊர் முழுவதும் அந்த நாட்களில் மீன்கடையைத் திறக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் கொண்டுவந்தால், என் சாமியை அறியாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணத்தை நான் காட்டியாக வேண்டும். முடிவு எட்டும் வட்டம் விரிய விரிய, காரணமும் அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லாருடைய கைக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும்.

இதை விளக்க நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. களக்காட்டுக்குத் தெற்கே திருக்குறுங்குடியில் ஆண்டுதோறும் கைசிக ஏகாதசி இரவன்று கோயிலில் நடிக்கப்படும் நம்பாடுவான் கதை அது. பாணர் குலத்தில் பிறந்ததால் கோயிலுக்குள் விடப்படாத நம்பாடுவான், ஏகாதசி இரவில் அந்தக் கோயில் பெருமாளாகிய நம்பியைப் பாடப் போகும் வழியில் ஒரு பிரம்மராட்சதனிடம் அகப்பட்டுக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன், இப்போது விடு என்று கேட்கிறான். ராட்சதன் நம்பவில்லை. திரும்பி வராவிட்டால் இன்ன பாவம் எனக்கு வரட்டும், இன்ன பாவம் எனக்கு வரட்டும் என்று சத்தியத்தின் மேல் சத்தியமாகப் 18 சத்தியங்கள் செய்கிறான். நாராயணனை மற்றத் தெய்வங்களோடு சமமாக வைத்த பாவம் எனக்கு வரட்டும் என்ற கடைசிச் சத்தியத்தைக் கேட்ட பிறகுதான் ராட்சதன் அவனை விடுகிறான். ஏனென்றால் அந்த ராட்சதன் முற்பிறவியில் சோமசர்மா என்னும் அந்தணன். அந்தச் சத்தியத்தின் கனம் அவனுக்குத் தெரியும். சைவக் குடும்பத்தில் பிறந்த என்னிடம் அதே சத்தியத்தைச் செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்சம் கோபம்கூட வந்திருக்கும். நம்பிக்கையின் மேல் கட்டிய வாதம் அந்த நம்பிக்கையைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கிடையில் எவ்வளவு வலுவாக நிற்கும், அதற்கு வெளியே எப்படிக் கால் நழுவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கதையின் மீதியும் இந்தக் கேள்விக்கு வேண்டியதுதான். நம்பாடுவான் பாடிவிட்டுச் சொன்னபடி திரும்பி வருகிறான். தான் பாடிய பண்ணின் பலனைத் தந்து ராட்சதனுக்குச் சாபம் நீங்கச் செய்கிறான். கோயிலுக்குள் போக முடியாதவன், அந்தணனாக இருந்து கெட்டவனைக் கரையேற்றுகிறான். வெளியே நின்று பாடியவனுக்குச் சாமி தெரியும்படி கொடிமரமே விலகி நின்றது என்று இன்றும் விலகிய கொடிமரத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். சாதியைத் தகர்ப்பதற்கு இதைவிட வலுவான சமய ஆதாரம் வேண்டுமா? ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கதையைப் பக்தியோடு கேட்டவர்கள், நம்பாடுவானின் வழியில் வந்தவர்களை உள்ளே விட்டுவிடவில்லை. மதுரையில் 1939 ஜூலையில் நடந்த ஆலயப் பிரவேசமும், அதே ஆண்டில் வந்த சட்டமும், அதற்குப் பின் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்துதான் வாசல்கள் திறந்தன. ஆகவே நல்ல சமயக் கதை ஒன்று கையிலிருந்தால் போதும், வாதம் வென்றுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கதை உள்ளத்தைப் பதப்படுத்தும். பூட்டைத் திறக்க வேறொன்று வேண்டியிருந்தது.

இனி, இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதுவும் நம் திருநெல்வேலியில் நடந்ததுதான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிரான தம் நாடு தழுவிய சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில், இந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றே தம்மைப் போன்ற ஒருவர் நம்ப வேண்டியிருக்கிறது என்று பேசினார். பீகாரின் பேரிடரைத் தீண்டாமைப் பாவத்தோடு இணைத்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. சாமி குத்தம் என்ற சொல்லிலேயே வளர்ந்த மக்கள். அவர்களுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்திருக்கும். நோக்கமும் நல்ல நோக்கம்தான். சேரிக்குப் போகும் வழியை அடைத்துவைத்திருந்தவர்களை அவர்களுடைய மொழியிலேயே கலங்கச் செய்தார்.

ரவீந்திரநாத் தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கையின் பேரிடருக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கும் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது அவர் சொன்ன அடுத்த செய்தி. இந்த வகை வாதம் காந்தியைவிட அவருடைய எதிராளிகளின் மனப்போக்குக்குத்தான் நன்றாகப் பொருந்தும். காந்தியும் அவரைச் சேர்ந்தவர்களும் செய்த காரியத்தால்தான் கடவுள் சினங்கொண்டார் என்று அவர்கள் சொல்லியிருந்தால்கூடத் தாம் வியந்திருக்கப்போவதில்லை என்று அவர் எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே பிப்ரவரியில் வெளியிட்டு, தம் பதிலையும் எழுதினார். தம் நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணைக்குத் தம் வாசலையே திறந்துவிட்டார். இந்த ஒரு செயலுக்காகவே அவர் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது. வாதத்தைப் பொறுத்தவரை நான் தாகூர் பக்கம்தான். பேரிடரைத் தெய்வ தண்டனையாக வாசிக்கத் தொடங்கினால், அந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் தம் வசதிக்கு வாசிக்கலாம். தீண்டாமை ஒழியாததற்குத் தண்டனை என்று ஒருவர் வாசிப்பார், ஒழிக்க முற்பட்டதற்குத் தண்டனை என்று மற்றவர் வாசிப்பார், யார் வாசிப்பு சரி என்று சொல்ல வழியே இருக்காது. தீண்டாமை கொடியது என்பதற்கு நிலநடுக்கம் தேவையில்லை. அதை அனுபவித்த ஒருவரின் ஒரு நாளை எடுத்துச் சொன்னாலே போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைகொள்ளாமல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் நடுவழியில் நின்றார்கள். தண்ணீர் வடிந்த மறுவாரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மூன்று விளக்கங்களைக் கேட்டேன். கோயில் திருவிழாவான கொடையை ஒழுங்காகக் கொடுக்காத குற்றம் என்றார் ஒருவர். ஊரில் பெண்கள் நடமாட்டம் சரியில்லை என்றார் இன்னொருவர். ஆற்று மணலை அள்ளினவனுக்கு ஆத்தா கொடுத்த அடி என்றார் மூன்றாமவர். மூவரும் ஒரே வெள்ளத்தைத்தான் சாட்சியாக அழைத்தார்கள். வெள்ளம் மூவருக்கும் ஒத்துப் பேசியது. எனக்கு மூன்றாமவர் சொன்னது பிடித்திருந்தது. மணல் அள்ளுவதை நானும் வெறுப்பவன். ஆனால் பிடித்திருப்பது வேறு, வாதம் நிற்பது வேறு. குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியும், உடைந்த குளங்களும், அடைபட்ட வாய்க்கால்களும் நாம் கேட்டு விடை பெறக்கூடிய சாட்சிகள். ஆத்தாளை நாம் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

சமய வாதம் என்று நம்மிடம் வந்து நிற்பதில் பாதிக்கு மேல் சமயமே இருக்காது, வழக்கம்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இராதாபுரம் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலை ஊரார் கால்சட்டைக் கோயில் என்பார்கள். ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள், ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவானவரைத் தவிர யாரும் இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்க முடியாது. 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு எழுந்தது, நீதிமன்றப் படிகளில் ஏறி, 1917-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், தனி இடத்துக்கு உரிமை கேட்டவர்களுக்கு எதிராக முடிந்தது. இடித்தவர் குருவானவர், சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் நாள்தோறும் செபமாலை சொல்லும் விசுவாசிகள். அவர்கள் வேதத்தில் வசனம் தேடவில்லை, தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. தங்களுக்கு வழிவழியாக வந்த உரிமை என்றார்கள். ஆனால் தெருவில் நிற்கும்போது அது வழக்கம் போலப் பேசியிருக்காது, ஆண்டவரின் ஏற்பாடு போலத்தான் பேசியிருக்கும். யாராவது ‘சாமி சொல்கிறது’ என்று உங்களிடம் சொன்னால், எங்கே, எந்த இடத்தில் என்று பணிவாகக் கேளுங்கள். அவர்களுடைய மதத்தை மதித்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2003-இல் கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து நடைமுறைப்படுத்தப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2004-இல் அதை நீக்க வேண்டியதாயிற்று. கிடா வெட்டாமல் சுடலைமாடனுக்குக் கொடையா என்று நம் பக்கத்தில் கேட்காத ஆளில்லை. ஒரு சாராரின் பக்தி முறை இன்னொரு சாராரின் பக்தி முறைக்குச் சட்டமாக வந்தால் அங்கே என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

சேரன்மகாதேவி குருகுலத்தின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. வ. வே. சு. ஐயர் 1922-இல் தொடங்கிய அந்தத் தமிழ்க் குருகுலத்தில், பெற்றோரின் விருப்பத்துக்காக இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். ஐயர் சாதி பார்க்கும் மனிதரல்லர். அந்தப் பெற்றோரின் ஆசாரத்தைப் புண்படுத்த வேண்டாம் என்று எண்ணியிருக்கிறார். அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, பாதியைக் கொடுத்தும் இருந்தது. பல சாதியாரும் கொடுத்த பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு சாராரின் ஆசாரத்துக்காகப் பந்தியைப் பிரிக்கலாமா என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. இந்தக் கேள்வி பெற்றோரின் நம்பிக்கையைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உன் வீட்டுப் பந்தியில் நீ எப்படியும் பரிமாறிக்கொள், இது எல்லாருடைய பந்தி என்றுதான் அதற்குப் பொருள். நம்பிக்கை பொய் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் பிளவு தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பியது. ஐயர் 1925 ஏப்ரலில் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டார். நல்ல மனிதர் ஒருவர் பிறருடைய ஆசாரத்துக்காகச் சுமந்த பழி அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் வரும்.

இவ்வளவு சொன்னதும், ஆக, மதத்தை வெளியே நிறுத்து என்பதுதானே சரி என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2016 டிசம்பரில் வந்தது. 2017 ஏப்ரலில் சாலையோரக் கடைகள் மூடப்பட்டு, ஊருக்குள் இடம் தேடத் தொடங்கினார்கள். பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், ஆரம்பப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இடம் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், மனு எழுதித் தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் திண்ணையில் அமர்ந்தோம். சி.எஸ்.ஐ. சபையின் உபதேசியார், பக்கத்துத் தெரு ஜமாஅத் தலைவர், அம்மன் கோயிலில் வரி பிரிக்கும் அண்ணாச்சி, எதிரே பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே இருபது பெண்கள்.

உபதேசியார் நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம் என்றார். ஜமாஅத் தலைவர் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் மதுவை விலக்கச் சொல்லும் வசனத்தைச் சேர்க்கச் சொன்னார். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்து, திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் இருக்கிறதே என்றார். ‘ஏன் அண்ணாச்சி, ஒங்க மாடன் என்ன சொல்லுதாரு?’ என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாடன் படைப்பில் சாராயம் இருப்பது ஊருக்கே தெரியும். ‘கானாவூர் கலியாணத்துல தண்ணி என்னவா மாறிச்சுன்னு உபதேசியாரக் கேளுல’ என்று அண்ணாச்சி விடவில்லை. உபதேசியாரும் சிரித்தார். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி, கை இலையைச் சுற்றிக்கொண்டே இருக்க, நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: ‘வக்கீலையா, ஆயிரம் பீடி சுத்துன காசு வீடு வந்து சேரதுக்குள்ள அந்த மனுசன் கையில போயிருது. இப்போ கடை ரெண்டு மைலு. தெருவுல வந்தா பிள்ளைக்கு பென்சில் வாங்குற துட்டும் போயிரும். அத எழுதுங்க.’

அதைத்தான் எழுதினோம். டேப் வைத்து அளந்ததில் பள்ளி வாசலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் 84 மீட்டர் இருந்தது. நகர்ப்புறம் அல்லாத இடங்களில் கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 100 மீட்டருக்குள் கடை கூடாது என்பது விதி. அதையும் எழுதினோம். வசனம் எதையும் மனுவில் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளன்று கொடுத்தோம். கடை அந்தத் தெருவில் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வந்தது. ஆனால் அந்தப் பெண்களைத் திண்ணைக்குக் கொண்டுவந்தவை வேதமும் குர்ஆனும் அம்மனும்தான். ஞாயிறு ஆராதனையிலும் வெள்ளித் தொழுகைக்குப் பின்னும் கொடைக் கூட்டத்திலும் அவரவர் மொழியில் பேசியிராவிட்டால் ஒரு பூனைகூட வந்திராது. அவரவர் சபைக்குள் அந்த வாதம் முழு வலிமையோடு நின்றது. ஆட்சியரின் மேசைக்குப் போகும்போது, எந்தச் சபையையும் சேராதவரும் அளந்து பார்க்கக்கூடிய வடிவத்துக்கு அது மாற வேண்டியிருந்தது. அப்படி மாற்றிச் சொல்ல முடியாமல் போயிருந்தால், எங்கள் கோரிக்கையே பிறர் மேல் எங்கள் ஆசாரத்தைத் திணிப்பதுதானோ என்று நாங்களே ஐயப்பட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கையுள்ளவரிடம் அவருடைய உண்மையான காரணத்தை மறைத்துக்கொண்டு பேசச் சொல்வதும் நேர்மையல்ல. அப்படிச் சொன்னால் அவர் மேலுக்கு ஒரு காரணத்தைச் சொல்லி, உள்ளே வேறொன்றை வைத்திருப்பார். வெளியே வைத்த காரணத்தை நீங்கள் எத்தனை முறை முறித்தாலும் அவர் மாற மாட்டார், ஏனென்றால் அவர் நிற்பது அதன் மேல் அல்ல. உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் அதைக் கேட்கவும் கேள்வி கேட்கவும் முடியும். நம் அரசமைப்பும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருவதற்கு முன்பே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற சொற்களை வைத்துவிட்டது. சமூகச் சீர்திருத்தத்துக்கும் இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடுவதற்கும் சட்டம் இயற்ற வழியையும் விட்டுவைத்தது. நீதிமன்றங்கள்தான் ஒரு வேண்டாத வேலையில் இறங்கின என்பேன். 1954-இல் சிரூர் மடத்து வழக்கிலிருந்து, ஒரு மதத்துக்கு இன்றியமையாத பழக்கம் எது என்று நீதிபதிகளே ஏடுகளைப் புரட்டித் தீர்மானிக்கும் வழக்கம் வளர்ந்துவிட்டது. ஒரு பழக்கம் பிறருக்குத் தீங்கு செய்கிறதா என்று கேட்பது நீதிபதியின் வேலை; அது மெய்யான சமயமா என்று கேட்பது அவருடைய வேலையல்ல. இது என் தனிப்பட்ட முறையீடு, அதை இங்கே வளர்க்கவில்லை.

உங்கள் அத்தையிடம் வருகிறேன். முதலில், முடிவு யாரைக் கட்டுப்படுத்துகிறது? உங்கள் தந்தையின் கண், உங்கள் தந்தையின் விருப்பம். அத்தையின் நம்பிக்கை அத்தையின் கண்களைப் பொறுத்தவரை முழு அதிகாரம் உடையது. தம்பியின் கண்களைப் பொறுத்தவரை அது அன்போடு சொல்லும் யோசனை மட்டுமே. ஆனால் இதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடாதீர்கள். அவருடைய அச்சம் தம்பியின் மறுபிறவியைப் பற்றியது, அது பாசம். அவருடைய வீட்டுக்குப் போய், அவருடைய சபைக்குள் நின்று பேசுங்கள். உடல் முழுவதையும்தானே எரிக்கிறோம், கண்ணும் அதோடு வெந்துதானே போகிறது. எரிந்தது எதுவும் திரும்ப வராது என்றால் யார்தான் கையும் காலுமாகப் பிறக்க முடியும் என்று கேளுங்கள். கண் கொடுத்தவன் குருடாகப் பிறப்பான் என்பது எந்த ஏட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். நான் கேட்டவரையில் யாரும் ஏட்டைக் காட்டியதில்லை.

அதன்பின் நெல்லையப்பர் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் அவர் விழுந்து கும்பிடும் கண்ணப்பரை நினைவூட்டுங்கள். இரத்தம் வடிந்த சாமியின் கண்ணுக்குத் தன் கண்ணைத் தோண்டி அப்பியவருக்கு என்ன கதி கிடைத்தது என்று அத்தையே சொல்லட்டும். அவர் விவரமானவர் என்றால், அது சாமிக்குக் கொடுத்த கண், இது யாருக்கோ கொடுக்கும் கண் என்று மடக்குவார். அதற்குத் திருமூலரிடம் விடை இருக்கிறது: கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய மனிதனுக்குப் போய்ச் சேராது, மனிதனுக்குக் கொடுப்பது கடவுளுக்குப் போய்ச் சேரும் என்கிறார். இது சமய வாதம்தான். சமயத்தைப் பகிர்ந்துகொண்ட இருவருக்கிடையில் முறையான வாதம். அதை நீங்கள் நம்பினால் சொல்லுங்கள். நம்பாமல் அத்தையை மடக்குவதற்காக மட்டும் சொல்வீர்களானால் உங்கள் தந்தையைச் சொல்லச் செய்யுங்கள். பொய்ச்சாட்சியை வயதான பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர் ஒத்துக்கொள்ளாமலே போகலாம். அதற்காகத் தந்தையின் விருப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். எழுத்தில் வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நெருங்கிய உறவினரின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள். கண்புரை அறுவை செய்திருந்தாலும் கொடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எடுப்பதற்கு இருபது நிமிடம்போல ஆகும். முகம் மாறாது, அத்தை கடைசியாகப் பார்க்க வரும்போது தம்பி தூங்குவது போலத்தான் இருப்பார். இதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.